குளிக்கப் போயிருக்கிறேன்

பாப்பாரப்பட்டி நூலகத்தில் அவருடைய மேசைக்குப் பின்னால் ஆணியில் ஒரு சிலேட்டு தொங்கும். "குளிக்கப் போயிருக்கிறேன். அரை மணியில் வருவேன்" என்று அதில் எழுதியிருக்கும். பலப்பத்தில் அல்ல, வெள்ளைப் பெயிண்டில். அடிக்கடி தேவைப்படுகிற வாசகம் என்பதால் நிரந்தரமாகவே எழுதி வைத்துவிட்டார். பகல் பதினொரு மணிக்கு அந்தச் சிலேட்டு வாசல் கதவுக்கு வந்துவிட்டால், சந்தைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "இன்னிக்கு யாரு போய்ச் சேர்ந்தாங்களோ" என்று சொல்லிக்கொண்டே நடப்பார்கள்.

அவர் நூலகர். அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. அவரே அதைப் பெரிதாக மதித்ததில்லை. அவர் மதித்தது வீட்டுப் பெயரை. தெலுங்கு பேசுகிற குடும்பங்களில் ஆளுக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். இண்டிபேரு என்போம். அவருடைய இண்டிபேரு சிலகமடுகு. கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த வட்டாரத்தில் யாரும் கேட்டதில்லை. ரேஷன் கார்டு எழுத வந்தவர், "சி-ன்னா அப்பா பேருங்களா?" என்று கேட்டதற்கு இவர் அரை மணி நேரம் விளக்கம் சொல்லி, கடைசியில் அந்த ஆள் 'சின்னப்பன்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஒரே வீட்டுப் பெயர் இருந்தால் பங்காளிகள். பார்த்திருக்க வேண்டியதில்லை, ஊர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆண் என்றால் அண்ணன் தம்பி, பெண் என்றால் அக்கா தங்கை. அவர்களுக்குள் கல்யாணப் பேச்சு வாயில் வரக்கூடாது. ஒருவர் செத்தால் மற்றவருக்குத் தீட்டு. தூரத்துப் பங்காளியானால், சேதி காதில் விழுந்ததும் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டால் போதும். எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் பேப்பரில் பெயரைப் பார்த்துவிட்டுக் குளிக்க ஓடியவர் இவர் ஒருவர்தான். பேப்பரை எடுத்தால் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். தர்மபுரியிலிருந்து வருகிற பஸ் கண்டக்டர் ஒருவர் இரண்டு நாள் பழசான தெலுங்குப் பேப்பர் கொண்டுவந்து கொடுப்பார். அதில் காலமானார் விளம்பரங்களின் மேல் விரலை வைத்து வரி வரியாகப் போவார். வருஷத்துக்கு இரண்டோ மூன்றோ அகப்படும்.

நான் அந்த ஊருக்குக் கிராம சேவிகாவாகப் போனது அறுபத்தேழில். புகையில்லா அடுப்பு போட்டுக் கொடுப்பதும், மாதர் சங்கம் நடத்துவதும் என் வேலை. நான் போட்டுக் கொடுத்த அடுப்புகளில் பாதி, நான் தெருமுனை திரும்புவதற்குள் இடிபட்டிருக்கும். "சேவிகாம்மா, புகை இல்லாம கொசு எப்பிடிப் போவும்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு இருபத்தேழு வயது. அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. அப்பா ஓசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ராகியும் அவரையுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். வாடகை அறைக்குச் சாயங்காலம் திரும்பினால் பேச ஆள் கிடையாது. அதனால் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். அது முன்பு நிலக்கடலைக் குடோனாக இருந்த கட்டடம். எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் கடலைத் தோல் வாசனை வரும்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, கதவில் சிலேட்டு தொங்கியது. நின்றேன். பின்பக்கக் கிணற்றிலிருந்து அவர் வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, வேட்டி காலோடு ஒட்டியிருக்கிறது.

"உடம்பு சரியில்லீங்களா சார்?" என்றேன்.

"நாக்பூர்ல ஒரு பேங்க் மேனேஜருங்க. தொண்ணூறு வயசு. எங்க வூட்டுப் பேரு." அந்தப் பெயரையும் சொன்னார். சொல்லும்போது நெற்றித் தண்ணீரை வழித்துவிட்டு, ஏதோ தன் சொத்தைக் காட்டுகிற மாதிரி நிமிர்ந்தார்.

அது என் வீட்டுப் பெயரும்தான்.

எங்கள் அப்பா, "இந்தப் பேரு நம்மளோட தீர்ந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இதோ ஒருத்தர் ஈரத் தலையோடு நிற்கிறார். 'எனக்கும் அதேதான் சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு பல் வரைக்கும் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உள்ளே போய் வாரப் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டேன். அந்த நாளை எட்டு மாதம் கழித்து வந்தது.

நான் மழுப்ப விரும்பவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது, அதனால்தான் சொல்லவில்லை. இத்தனை வயதாகியும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்காத ஒரே மனிதர் அந்த ஊரில் அவர்தான். அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்ப்பார். அவருக்கு வேண்டியது உலகத்தில் ஒரு பங்காளி. எனக்கு வேண்டியது அவர். நான் வாயைத் திறந்தால் அவருக்குக் கிடைத்துவிடும், எனக்குப் போய்விடும்.

அந்தக் கத்தரிக்கோல் நோட்டுக்காக. நீளமான கெட்டி அட்டை நோட்டு ஒன்று வைத்திருந்தார். எங்கே அந்தப் பெயர் அச்சில் வந்தாலும் வெட்டி ஒட்டிவிடுவார், புத்தகமானால் கையால் எழுதிக்கொள்வார். எத்தனை விதமான ஆட்கள்! ராஜமுந்திரிப் பக்கம் ஒரு குஸ்திக்காரர். ஒரு ஜில்லா நீதிபதி. ரயிலில் பெட்டி திருடிப் பிடிபட்ட ஒருவன். நீதிபதியையும் திருடனையும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருந்தார். "ரெண்டு பேரும் பங்காளிங்கதானுங்களே, பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும்" என்றார். ஒரு புல்லுக்கு அந்தப் பெயர் வைத்திருந்தார்கள், அதைக் கண்டுபிடித்தவர் பெயராம். ஏரிக்கரையில் தண்ணீர் எவ்வளவு கசியும் என்று கணக்கிட ஒரு என்ஜினீயர் சொன்ன சூத்திரம் இருந்தது. அது அவருக்கும் புரியாது எனக்கும் புரியாது. பத்தி முழுவதையும் அழகாகப் பார்த்து எழுதியிருந்தார்.

இன்னொருவர் வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம் இருக்க வேண்டும் என்று துண்டுப் புத்தகம் போட்டிருந்தார். பங்காளி சொன்னதைத் தட்டலாமா? நூலகத்துச் சுவரில் இவர் பதின்மூன்று மாதக் காலண்டர் ஒன்றை எழுதித் தொங்கவிட்டார். யாரோ அதைப் பார்த்து மாட்டுச் சந்தைக்குப் போய், ஆளில்லாத மைதானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சண்டை போட்டார். காலண்டரை எடுத்து நோட்டுக்குள் மடித்து வைத்தார். அதே பெயரில் ஒரு பல்பொடியும் வந்தது. ஈறிலிருந்து ரத்தம் வர வர அதைத்தான் தேய்த்தார். "வேற வாங்குங்க சார்" என்றால், "பேரை நம்பித்தானுங்களே வாயில வெக்கறேன்" என்பார்.

ஆட்களின் விலாசம் கிடைத்தால் பதில் அட்டையோடு சேர்ந்த கார்டு எழுதிப் போடுவார். 'நமஸ்காரம். நானும் சிலகமடுகு. தங்கள் பூர்வீகம் எது?' பெரும்பாலும் பதில் வராது. நீதிபதி வீட்டிலிருந்து ஒன்று வந்தது: 'அந்தத் திசையில் எங்களுக்கு உறவினர் எவரும் இல்லை.' அதையும் ஒட்டி வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "இதைப் போயி வெச்சிருக்கீங்களே சார், கிழிச்சுப் போடுங்க" என்றேன்.

"பதில் போட்டிருக்காங்களே" என்றார். "மத்தவங்க அதுவும் போடலீங்களே."

அன்றைக்கு அறைக்கு வந்து அழுதேன். சொல்லிவிடலாம் என்று எழுந்தேன், மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

அவருக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒரு நாள் அவராகச் சொன்னார். ஐந்து வயதில் காலராவில் ஒரே வாரத்தில் வீடு காலியாகிவிட்டது. யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பாதிரியார்கள் நடத்திய போர்டிங்கில் விட்டார்கள். "பேரு என்னடான்னு கேட்டாங்களாம். சிலகமடுகுன்னேனாம். ஊரு? சிலகமடுகு. அப்பா? சிலகமடுகு. எதைக் கேட்டாலும் அதேதான்." இப்போது கூப்பிடுகிற பெயர் ஒரு கன்னியாஸ்திரீ வைத்தது. சாப்பாடு அவர்கள் போட்டது, படிப்பு அவர்கள் கொடுத்தது. "வூட்டுலருந்து நான் எடுத்துட்டு வந்தது அது ஒண்ணுதானுங்க" என்றார். தீட்டு, முழுக்கு, முறை எல்லாம் பின்னால் தெலுங்குத் தெருவில் அடுத்த வீடுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை. பார்த்துப் படித்தவர் என்பதால் பிறந்து வளர்ந்தவர்களைவிட ஒரு பிடி கூடவே கடைப்பிடித்தார்.

தெலுங்கு பேசுகிற யார் வந்தாலும் முதல் நாளே, "மீ இண்டிபேரு ஏமி?" என்று வீட்டுப் பெயரைக் கேட்டுவிடுவார். என்னோடும் தெலுங்கில் இரண்டொரு வார்த்தை பேசுவார். ஆனால் இரண்டு மாதமாகியும் அந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் கேட்கவில்லை. அதற்கு நான் ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டேன். கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று அவருக்கும் பயம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

வீட்டுக்குப் புத்தகம் எடுத்துப் போக உறுப்பினராக வேண்டும். அதற்கான படிவத்தை எங்கள் ஆபீஸ் குமாஸ்தாவே என் பணிப் பதிவேட்டைப் பார்த்துப் பூர்த்தி செய்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, பியூன் கையில் அனுப்பிவிட்டார். நான் ஒரு மூலையில் கையெழுத்துப் போட்டதோடு சரி. ஒரு வாரம் கழித்து, மேசையில் பசை தடவிக்கொண்டே, என் காதைப் பார்த்து அவர் கேட்டார்.

"மீ இண்டிபேரு ஏமிங்க?"

என் அம்மா பிறந்த வீட்டுப் பெயரைச் சொன்னேன். பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது.

தடவிக்கொண்டிருந்த குச்சி நின்றது. காதைவிட்டு முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார். "நல்ல பேருங்க" என்றார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் பல நாள் சோறு தின்றேன்.

அதற்குப் பிறகு அவர் கொஞ்சம் மாறினார். தலையை ஒழுங்காகச் சீவினார், பல்பொடியை மாற்றினார். கார்த்திகை மாதம் முழுக்க அரசிதழ்க் கட்டுகளைத் தூக்கி வைத்துக்கொண்டு புரட்டினார். பெயர் மாற்றிக்கொள்கிறவர்களின் அறிவிப்பு அதில் பக்கம் பக்கமாக வரும். "இங்க பாருங்க, இன்னாராகிய நான் இன்று முதல் இன்னார்னு எழுதிக் கொடுத்துட்டா முடிஞ்சுதாம். பொறந்த பேரை வுட்டுட முடியுங்களா?" என்றார்.

"உங்களால முடியாது சார்" என்று சிரித்தேன்.

மார்கழி பிறந்ததும், புத்தகத்தில் தேதி முத்திரை குத்திக்கொண்டே, "தை பொறந்தா ஓசூர்ப் பக்கம் வர்ற வேலை இருக்குதுங்க. உங்கப்பாவைப் பார்க்கலாமுங்களா?" என்றார். முத்திரை நேராக விழவில்லை, மறுபடி குத்தினார். வாங்க என்றேன். எங்கள் பக்கம் ஓர் ஆண்பிள்ளை ஒரு பெண்ணின் அப்பாவைப் பார்க்க வருகிறேன் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சந்தோஷமும் பயமும் சேர்ந்து அன்றைக்கு எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அவர் வருவார், அப்பா இரண்டாவது வார்த்தையாக இண்டிபேரு கேட்பார், என் குட்டு உடைந்துவிடும். முன்னாடியே ஊருக்குப் போய் அப்பா காலில் விழுந்து, கேட்காமல் இருக்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அப்பாவோ, பிச்சைக்காரனிடம்கூட இண்டிபேரு கேட்டுவிட்டுத்தான் கூழ் ஊற்றுவார்.

அதற்கெல்லாம் அவசியம் வரவில்லை. தைக்கு ஒரு வாரம் இருக்கும்போது தந்தி வந்தது. அப்பா போய்விட்டார்.

தந்தியைப் பிடித்துக்கொண்டு நேராக நூலகத்துக்குத்தான் போனேன். வேறு எங்கே போவேன்? அவர் எழுந்து வந்தார். "ஐயோ" என்றார். "பஸ்ஸுக்கு நேரமிருக்குது, நான் கூட வர்றேனுங்க. நான் அந்நியன், எட்டத்துல நின்னு பார்த்துக்கறேன்" என்றார்.

அந்நியன். நாக்பூர் பேங்க் மேனேஜருக்குக் குளித்தவர், நீதிபதி வீட்டு அட்டையைப் பத்திரப்படுத்தியவர், கைக்கெட்டும் தூரத்தில் செத்துக் கிடக்கிற சொந்தப் பங்காளிக்கு எட்டத்தில் நிற்கப்போகிறார். அதுவும் என் பொய்யால். என்னால் முடியவில்லை.

"நீங்க அந்நியன் இல்லீங்க. எங்கப்பாவும் சிலகமடுகுதான். நான் அன்னிக்குப் பொய் சொன்னேன்."

அவர் எதுவும் கேட்கவில்லை. ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை, நிஜமா என்றுகூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என் காதைப் பார்த்தார். ஆணியிலிருந்து சிலேட்டை எடுத்துக் கதவில் மாட்டினார். கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. ஒரு முழுக்கு போதும் அந்த முறைக்கு. அன்றைக்கு வாளி விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஈரத்தோடு வந்து நின்று, "போலாம் செல்லெலா" என்றார்.

செல்லெலு என்றால் தங்கச்சி.

அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது அவர்தான். ஊர்ப் பெரியவர்கள் வீட்டுப் பெயரைக் கேட்டார்கள், சொன்னார், யாரும் மறுபேச்சு பேசவில்லை. அதோடு அவர் முழு அண்ணனாகிவிட்டார். அண்ணன் என்றால் சாதாரண அண்ணனா? பார்த்துப் படித்த அண்ணன். அடுத்த வருஷமே எனக்கு மாப்பிள்ளை தேடினார். கல்யாணமானால் எனக்கு வீட்டுப் பெயர் மாறிவிடும், அந்தப் பெயரில் அவர் மறுபடி ஒண்டியாகிவிடுவார். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் அலைந்தார். அதியமான்கோட்டையில் ஒரு நல்ல மனிதரைப் பிடித்தார், கரண்ட் ஆபீஸில் வேலை. நானும் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

மணவறையில் தாரை வார்த்துக் கொடுத்ததும் அவரே. ஐயர் சிலகமடுகு என்று சொல்லத் தெரியாமல் மூன்று தடவை தடுமாறினார், இவர் மூன்று தடவையும் திருத்தினார். தண்ணீர் மட்டும் பாதி வெளியே போயிற்று.

பிறகு அவரை அரூருக்கு மாற்றினார்கள். பொங்கலுக்குப் பொங்கல் மஞ்சள் கொத்தும் சேலையும் கொண்டுவருவார். என் வீட்டுக்காரர் இருந்தால் உள்ளே வந்து சாப்பிடுவார். இல்லாவிட்டால் வாசலோடு சரி, தண்ணீர்கூட நின்றுகொண்டே குடிப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "பேரைச் சொல்லிப் பொண்ணு கேட்டா, கேக்கறவங்க பயந்துக்கறாங்க" என்று வேடிக்கையாகப் பேசி நழுவிவிடுவார்.

எழுபத்தாறில் ஒரு நாள் அரூரிலிருந்து பார்சல் வந்தது. அந்தக் கெட்டி அட்டை நோட்டு. கூடவே அங்கே புதிதாக வந்த நூலகர் எழுதிய கடிதம். இருபது நாளுக்கு முன்பே போய்விட்டாராம். யாருக்குச் சொல்வதென்று தெரியவில்லையாம், நோட்டின் அட்டையில் என் விலாசம் இருந்ததாம். அவருக்காக எந்தப் பேப்பரிலும் ஒரு வரி வரவில்லை. வந்திருந்தாலும் விரல் வைத்துப் படிக்க ஆள் ஏது?

நாள் கடந்து தெரிந்தால் ஒரு முழுக்கோடு முடிந்தது. என் வீட்டுக்காரர் நல்லவர், அவரே தண்ணீர் இழுத்து அண்டாவில் ஊற்றி, நான் போட்ட புகையில்லா அடுப்பைப் பற்றவைத்தார். "காஞ்சதும் போயி ஊத்திக்கிட்டு வா" என்றார். தண்ணீர் காயும் வரை நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குஸ்திக்காரர், நீதிபதி, திருடன், புல், பல்பொடிக் காகிதம். வாய்விட்டுச் சிரித்தேன்கூட.

கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

அங்கே என் உறுப்பினர் படிவம் ஒட்டியிருந்தது. எங்கள் குமாஸ்தாவின் உருண்டைக் கையெழுத்தில், என் பெயருக்கு முன்னால், சிலகமடுகு. பதிவேட்டில் இருந்ததை அப்படியே எழுதியிருக்கிறார் அந்தப் புண்ணியவான். மூலையில் நூலகத்துத் தேதி முத்திரை. அவர் என்னிடம் இண்டிபேரு கேட்பதற்கு ஒரு வாரம் முந்தைய தேதி.

தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். நான் பொய் சொன்னபோது, பொய் என்று தெரிந்துதான் நல்ல பேருங்க என்று சிரித்திருக்கிறார்.

படிவத்துக்குப் பின்னால் ஒரு காகிதம் நாலாக மடித்து இருந்தது. அரசிதழுக்கு அனுப்புகிற பெயர் மாற்ற விண்ணப்பம். 'சிலகமடுகு என்ற குடும்பப் பெயரை இன்று முதல் விலக்கிக்கொள்கிறேன்' என்று அவருடைய அழகான எழுத்தில் பூர்த்தி செய்து, கையெழுத்தும் போட்டிருந்தார். மார்கழி மாதத் தேதி. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரே பொருளை விட்டுவிட்டு எங்கள் அப்பா முன்னால் வந்து நிற்க அந்த மனிதர் தயாராக இருந்திருக்கிறார். நான்தான் தந்தியும் கையுமாகப் போய் உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் குளிக்காமல் என்ன செய்வார்?

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னும் குளிக்கலையா?"

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இல்லீங்க. எனக்குத் தீட்டு இல்லை."